நிலவறை வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

செஞ்சிக் கடைத்தெருவில் ராஜகோபால் மளிகையைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூச்சை இழுத்தால் போதும். பெருங்காய வாசனை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் விடும். பொன்னுசாமி அப்படித்தான் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பின்னால் நடந்து வந்த துப்பறிவாளர் வெங்கடரமணன் மூக்கை நம்புகிறவர் அல்ல. எப்போதோ வந்த காய்ச்சல் அவருடைய மோப்பத்தை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். அந்தக் குறையை ஈடுகட்ட அவருடைய கண்கள் எதையும் சும்மா விடுவதில்லை. உதவியாளாகக் கூட இருக்கும் பொன்னுசாமிக்கு அது பெரிய தொல்லை.

மூன்றாவதாக வந்தவள் மங்கை. சித்தாள் வேலை பார்க்கிறவள். கலவைச் சட்டி சுமந்து உரமேறிய கழுத்து. காலையில் அவள் அவர்கள் தங்கியிருந்த அறைக்கு வந்து சொன்ன விஷயத்தைக் கேட்டு முதலில் பொன்னுசாமி சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவளுடைய புருஷன் இளையபெருமாள் கொத்தனார். ராஜகோபாலின் கடைக்குக் கீழே ஏதோ கட்டட வேலை என்று ஒரு மாதமாகப் போய்வந்தான். என்ன வேலை என்று வீட்டில் மூச்சு விடவில்லை. நாலு நாளைக்கு முன்னால் பட்டப்பகலில் வேலையை விட்டு ஓடி வந்தான். மூலையில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து சோறு இல்லை, தூக்கம் இல்லை. வலது கை மட்டும் ஓயாமல் தரையைத் தட்டியது. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. கேட்டால் ஒரே பதில்: "தட்டறான்... தட்டறான்..."

"கீழ எறங்கும்போது நல்லாத்தான் எறங்குனாரு சார். ஏறும்போது கூடவே ஒண்ணு ஏறி வந்துட்டுதாம். சனங்க சொல்லுது. இன்னிக்கு அமாவாசை. மலையனூர் போற வழியில ஒரு தோப்புல பேயோட்டி ஒருத்தன் இருக்கான். எங்க மாமனார் வூட்டுல அவரைக் கட்டி வண்டியில ஏத்திக்கினு போயிட்டாங்க. பொழுது சாஞ்சா சாட்டையால அடிப்பான். நாலு நாளா தண்ணிகூட எறங்காத ஒடம்பு. தாங்காது."

"நாங்க என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார் வெங்கடரமணன்.

"அது பேய் இல்லன்னு சொல்லணும். இல்ல பேய்தான்னா, யாரு பேயின்னு சொல்லணும்."

இப்படி ஒரு கேஸ் வெங்கடரமணனுக்கு இதுவரை வந்ததில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டார்.

கடை வாசலில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. தெருவில் மேல்மலையனூர் போகும் ஸ்பெஷல் பஸ் ஒன்று கூரை மேலும் ஆட்களோடு மூச்சுத் திணறி நகர்ந்தது.

"எண்பது டிக்கெட்டு, எல்லாம் ஓசி," என்றான் பொன்னுசாமி. கண்டக்டர் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் தலையெண்ணும் புத்தி அவனை விடவில்லை.

ராஜகோபால் கல்லாவில் இருந்தார். அகலமான உடம்பு, நெற்றியில் சந்தனம், வருகிறவர்கள் எல்லாரையும் பார்த்து ஒரே அளவு சிரிப்பு. மங்கையைப் பார்த்ததும் அந்த அளவு கொஞ்சம் குறைந்தது.

"உங்க நிலவறையைப் பார்க்கணும்," என்றார் வெங்கடரமணன்.

பொன்னுசாமி சண்டைக்குத் தயாரானான். ராஜகோபால் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாங்க சார்," என்றார். அவ்வளவுதான். "அந்தப் பொம்பளை மட்டும் வெளிய இருக்கட்டும்."

மங்கை வாசல் படியில் உட்கார்ந்தாள்.

கடையின் பின்கட்டில் தரையோடு தரையாக ஒரு பலகைக் கதவு. சுற்றிலும் புளி மூட்டைகள். கதவருகே ரப்பர் செருப்புகள் சில கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி பழுப்பு நிற பூட்ஸ், கயிறு போட்டது. காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்திருந்தது. மேலே மிளகாய்ப்பொடித் தூசி சிவப்பாகப் படிந்திருந்தது.

"கலெக்டர் கீழதான் இருக்காரா?" என்றான் பொன்னுசாமி.

"எவனோ விட்டுட்டுப் போனது," என்றார் ராஜகோபால். "செருப்பைக் கழட்டிடுங்க. எங்க தாத்தா காலத்துல நெல்லும் கேழ்வரகும் கொட்டி வெச்ச எடம். லட்சுமி இருந்த எடம். இன்னிய வரைக்கும் யாரும் செருப்போட எறங்குனதில்ல."

பொன்னுசாமி செருப்பை உதறினான். வெங்கடரமணன் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்தவர் சற்று நேரம் குனிந்தபடியே இருந்தார். தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஆனால் அந்த பூட்ஸைச் சுற்றி மட்டும் குளத்து நடுவில் திட்டுபோலத் தூசி. துடைப்பம் அதுவரை வந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது.

கீழே இறங்கியதும் பொன்னுசாமியின் வாய் தானாகத் திறந்தது.

சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பு. பளபளவென்று தேய்த்த சிவப்பு சிமெண்டுத் தரை. பலாப்பலகையில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேடை, அதன் முன்னால் உயரமான முக்காலிகள். சலூனில் இருந்து வந்ததுபோல ஒரு பெரிய கண்ணாடி. கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள். மேடை மேல் ஒரு பித்தளைக் குழாய். மூலையில் ஒரு ரேடியோ, எந்த ஸ்டேஷனும் கிடைக்காமல் காது கிழியும்படி இரைந்துகொண்டிருந்தது.

"சினிமாவுல வில்லன் குடிக்கிற எடம் மாதிரி இருக்குது," என்றான் பொன்னுசாமி.

"பீர் சார்," என்றார் ராஜகோபால். மறைக்கவே இல்லை. "சாராயம் இல்ல. கேழ்வரகையும் பார்லியையும் மொளை கட்டி, காய வெச்சு, காய்ச்சிப் புளிக்க வெச்சது. பாண்டிச்சேரிக்குப் போயிக் குடிச்சா, திண்டிவனம் தாண்டறதுக்குள்ள எறங்கிடுது. சொந்த ஊர்ல, சொந்தக் கடைக்குக் கீழ, நாலு சிநேகிதனுங்களோட கௌரவமா ஒக்காந்து குடிக்கணும்னு ஆசை. மேல பெருங்காயம் இடிக்கிறோம், ஒருத்தனுக்கும் வாசனை தெரியாது. மதுவிலக்குச் சட்டப்படி தப்புதான். பிடிச்சுக் குடுங்க. அபராதம் கட்டிடறேன்." இரண்டு கையையும் நீட்டினார். மணிக்கட்டில் கூடச் சந்தனம் இருந்தது.

"கொத்தனாருக்கு என்ன ஆச்சு?"

"வேலை முடிஞ்ச சந்தோஷத்துல ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்தேன். பழக்கமில்லாத ஆளு. தலைக்கு ஏறிடுச்சு. பேயும் கெடையாது, பிசாசும் கெடையாது."

"காய்ச்சற வித்தை உங்களுக்கு யார் கத்துக்குடுத்தது?"

"பாண்டிச்சேரி ஆளு ஒருத்தன், தனசேகரன்னு. சைகோன்ல பீர் கம்பெனியில வேலை பார்த்தவன். இங்கயே தங்கிச் செஞ்சு குடுத்தான். போன வாரமே ஊருக்கு பஸ் ஏறிட்டான்."

அவர் ஒரு பாட்டிலைத் திறந்து இரண்டு தம்ளரில் ஊற்றினார். வெங்கடரமணன் தொடவில்லை. பொன்னுசாமி சட்டத்தின் நலனைக் கருதி அரைத் தம்ளர் குடித்தான். கசப்பு. பரவாயில்லை. மங்கையின் கேஸ் முடிந்தது என்று நினைத்தான். மேலே போய், உன் புருஷனுக்குப் பேய் இல்லம்மா, போதைதான் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று.

"காரமா ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார் வெங்கடரமணன். அவர் காரமே சாப்பிடமாட்டார்.

ராஜகோபால் தயங்கினார். ரேடியோவைப் பார்த்தார். "மேல முறுக்கு இருக்குது, எடுத்துட்டு வரேன். ரேடியோவைத் தொட்டுடாதீங்க, ஷாக் அடிக்கும்."

படியேறிப் போனார். அவர் கால் மறைந்ததும் வெங்கடரமணன் தரையில் மண்டியிட்டார்.

"இன்னா சார், நீங்க குடிக்கவே இல்லியே. அதுக்குள்ள ஆட்டமா?"

"பொன்னுசாமி, கேட்காமலே கூடுதல் சில்லறை கொடுக்கிற கண்டக்டரைப் பார்த்திருக்கியா?"

"ஒருத்தனைப் பார்த்தேன். செல்லாத நோட்டை என் தலையில கட்டப் பார்த்தான்."

"இந்த மனுஷன் கேட்காமலே ஒரு குற்றத்தை எடுத்து நீட்டறார். சின்னக் குற்றம். அபராதத்தோட போயிடும். அப்போ கையில வெச்சிருக்கிறது எது?" அவர் விரல் தரையில் ஒரு கறுப்புத் தழும்பைத் தொட்டது. வெள்ளையடித்த வெறும் சுவருக்கு முன்னால், உள்ளங்கை அளவு கருகியிருந்தது. "இது என்ன?"

"கற்பூரம் ஏத்துன கறை. வேலை ஆரம்பிக்கும்போது கொத்தனாருங்க ஏத்துவாங்க."

"ஆரம்பிக்கும்போது இங்கே மண் தரை. இந்தக் கறை மெருகு போட்ட சிமெண்டு மேலே இருக்கு. எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு, சாமிப் படம் இல்லாத, மாடம் இல்லாத ஒரு சுவரைப் பார்த்து ஒருத்தர் கற்பூரம் ஏத்தியிருக்கார். யாருக்கு?"

பொன்னுசாமி தம்ளரைக் கீழே வைத்தான்.

வெங்கடரமணன் மேடைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். பித்தளைக் குழாயிலிருந்து கிளம்பிய செம்புக் குழாய் ஒன்று மேடைக்கு அடியில் ஓடி, அதே வெறும் சுவருக்குள் புகுந்து மறைந்தது. அவர் குழாயைத் திருகினார். நுரையோடு பீர் சொட்டியது.

"சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அறை இருக்கு. பீப்பாய் நிறையச் சரக்கு இருக்கு. ஒரு மளிகைக்காரர், சிந்தின கடுகைப் பொறுக்கிற மனுஷர், நிறைஞ்ச பீப்பாயை உள்ளே வெச்சுச் சுவர் எழுப்புவாரா? அவ்வளவு அவசரம் என்ன?"

"சார்," பொன்னுசாமியின் குரல் இறங்கிவிட்டது. "அந்த பூட்ஸு..."

"பாண்டிச்சேரிக்குத் தனசேகரன் வெறுங்காலோட பஸ் ஏறினானா? கழட்டி வெச்சுட்டுக் கீழே இறங்கினவன் திரும்ப ஏறலை. ராஜகோபால் எல்லாத்தையும் மறைச்சார். பூட்ஸை மட்டும் மறைக்கலை. அடுத்தவன் காலில் போட்டதைக் கையால் தொட அவருக்கு மனசு வரலை. கடை ஆளுங்களும் தொடலை. துடைப்பத்துல கூடப் படக்கூடாதுன்னு சுத்திப் பெருக்கியிருக்காங்க. ஒரு ஆளையே சுவருக்குள்ள வெச்சு மூடின மனுஷனுக்கு, ஒரு ஜோடி பூட்ஸ் அருவருப்பா இருந்திருக்கு."

பொன்னுசாமி வாயைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். "நான் குடிச்சது..."

"பாட்டில் சரக்கு. சுவர் எழுப்பறதுக்கு முன்னாடியே அடைச்சது. பயப்படாதே." வெங்கடரமணன் ரேடியோவிடம் போனார். "கடைசியா ஒண்ணு. தரைக்குக் கீழே, ஒரு ஸ்டேஷனும் எடுக்காத ரேடியோ. இதை எதுக்கு இவ்வளவு சத்தமா வெச்சிருக்கார்?"

திருகினார்.

இரைச்சல் நின்றது. அந்த அமைதி தண்ணீர் மாதிரி அறையை நிரப்பியது. பொன்னுசாமிக்குத் தன் இதயம் அடிப்பது கேட்டது. பிறகு, அது தன் இதயம் இல்லை என்று தெரிந்தது.

டொக். டொக்.

டொக்.

செம்புக் குழாய்க்குள்ளிருந்து வந்தது. மெல்லியதாக, சோர்ந்துபோனதாக. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. காலையில் மங்கை தன் விரலை மடக்கி அறையின் தரையில் தட்டிக் காட்டிய அதே தட்டு.

"சார், போயிடலாம்," என்றான் பொன்னுசாமி. "அந்தக் கொத்தனாரு பொய் சொல்லல. எனக்கே கேக்குது."

வெங்கடரமணன் ஒரு தம்ளரை எடுத்துக் குழாய் மேல் தட்டினார். இரண்டு. இடைவெளி. ஒன்று.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆலங்கட்டி மழை போலக் குழாய் முழுக்கத் தட்டல், கண்மண் தெரியாமல், நிறுத்தாமல்.

"பேய் பதில் சொல்லாது, பொன்னுசாமி. உள்ளே ஆள் உயிரோட இருக்கான்."

பல்பு அணைந்தது. மேலே பலகைக் கதவு அறைந்து விழுந்தது. அதன் மேல் எதையோ இழுத்துப் போடும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

"முறுக்கு வந்துட்டுது," என்றான் பொன்னுசாமி. 

இருட்டில் தடவிப் படியேறிக் கதவை முட்டினான். மலையை முட்டுவதுபோல இருந்தது. கத்தினான். சத்தம் புளி மூட்டைக்குள் போய்ச் செத்தது. மேலே கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகும் ஓசை. அமாவாசைக்குச் சீக்கிரமே கடை அடைக்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. நாளைக்கு இன்னொரு சுவர். அதற்கு எந்தக் கொத்தனார் கிடைப்பானோ.

"கத்தாதே," என்றது வெங்கடரமணனின் குரல், காலடியில். பாட்டில் ஒன்றை அவன் கையில் திணித்தார். "தட்டு. வெளியே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிஞ்ச மாதிரி தட்டு."

பொன்னுசாமி பாட்டில் அடியால் பலகையைத் தட்டினான். இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. கை மரத்துப்போனது. கீழே குழாயும் தட்டிக்கொண்டிருந்தது. எது தான் தட்டுவது, எது அந்த ஆள் தட்டுவது என்று அவனுக்கே குழம்பிப்போன நேரத்தில், தலைக்கு மேல் மூட்டை உரசியது. கதவு திறந்தது. வெளிச்சத்தில் மங்கை நின்றாள். மூட்டையைத் தோளில் தூக்கி எறிந்த வேகம் இன்னும் மூச்சில் இருந்தது.

"பின்வாசல் வழியா நீங்க போயிட்டீங்கன்னான்," என்றாள். "கடைசிப் பலகையைச் செருவும்போது எட்டிப் பார்த்தேன். ஒங்க செருப்பு ரெண்டு ஜோடியும் இங்கியே கெடக்குது. செருப்பில்லாம எங்க போவீங்க? தள்ளிட்டு உள்ள வந்தேன். தட்டற சத்தம் கேட்டுது."

"அந்த ஆள்?"

"சாவியக் கீழ போட்டுட்டு ஓடிட்டான்."

"எங்க ஓடினாலும் இன்னிக்கு பஸ்ஸுல நிக்கக்கூட எடம் கெடைக்காது," என்றான் பொன்னுசாமி. அவன் பார்வை பலகைக் கதவருகே போனது. அவர்களுடைய செருப்புகள் கழற்றிய இடத்திலேயே இருந்தன. ராஜகோபால் இரண்டாவது தடவையும் தொடவில்லை.

இளையபெருமாளின் கடப்பாரை நிலவறை மூலையிலேயே சாத்தியிருந்தது. பல்பைப் போட்டுவிட்டு மங்கைதான் அதைக் கையில் எடுத்தாள். முதல் செங்கல் நகர்ந்ததும் உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியே பாய்ந்தது. புளித்த கஞ்சியும் மலமும் சேர்ந்த நாற்றம். பொன்னுசாமி படிக்கு ஓடினான். மங்கை முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வெங்கடரமணன் மட்டும் ஒன்றுமே இல்லாததுபோல ஓட்டைக்குள் முகத்தை நுழைத்தார்.

"தனசேகரன்?"

உள்ளிருந்து நாலு விரல்கள் வந்து செங்கல் விளிம்பைப் பிடித்தன. நகங்கள் உடைந்திருந்தன.

சுவரை உடைக்க உடைக்க விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. தனசேகரனுக்குத் தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. புளிக்கிற தொட்டிக்கு மேல் குனிந்தவன் அதன் ஆவியில் மயங்கி விழுந்தான். கண் விழித்தபோது இருட்டு, சுவர். தானியம் கொட்டுவதற்காக அந்தக் காலத்தில் கூரையில் விட்டிருந்த துளை வழியே கொஞ்சம் காற்று வந்தது. அது பூட்டிய புளிக்கிடங்குக்குள் திறக்கும் துளை. எவ்வளவு கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை. ஐந்து நாளும் அவன் காய்ச்சிய பீரையே குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். மிச்சத்தை வெங்கடரமணன் கோத்துச் சொன்னார்: ராஜகோபால் அவனைச் செத்தவன் என்று நினைத்துத்தான் மூடச் சொன்னார். நிலவறையில் பிணம் கிடந்தால் கடை, பேர், ரேஷன் லைசென்ஸ் எல்லாம் போய்விடும். பிறகு தட்டல் கேட்டது. அப்போது சுவரை உடைக்காமல் ரேடியோவை வாங்கி வைத்தார்.

மங்கை கடப்பாரையை நிறுத்தினாள்.

"அப்போ எங்க வூட்டுக்காரருக்குப் பேய் புடிக்கல?"

"இல்லம்மா. அவருக்குக் காது நல்லாக் கேட்குது. அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. "இவரு உசுரோட இருக்கும்போதே எங்க வூட்டுக்காரரு வெச்சு மூடிட்டாரு."

"செத்துட்டார்னு நம்பித்தான் மூடினார். அதனாலதான் கற்பூரம் ஏத்தினார்."

"மறுநா வெள்ளையடிக்க வந்தாரு. அப்போ தட்டனது கேட்டுது இல்ல? கேட்டுட்டு ஓடியாந்துட்டாரு."

  அவள் கடப்பாரையை மறுபடி ஓங்கினாள். ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் சரிந்தது. அவளும் வெங்கடரமணனும் தனசேகரனை அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்து முக்காலியில் சாய்த்தார்கள். வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டான். தாடியில் காய்ந்த நுரை.

"பொன்னுசாமி, ஆஸ்பத்திரிக்கு ஜட்கா பிடி," என்றார் வெங்கடரமணன்.

அவன் நகர்வதற்குள் மங்கை தனசேகரன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கற்பூரக் கறை அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"ஒங்களை உள்ள வெச்சு மூடுனது என் புருஷன்தான். நீங்க தட்டனதக் கேட்டும் ஓடுனது அவருதான். மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. ஒங்க பேயி புடிச்சிருக்குதுன்னு பொழுது சாஞ்சதும் அவரைச் சாட்டையால அடிக்கப் போறாங்க. நான் போயிச் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீங்க வந்து அவரு எதிர்ல நிக்கணும். நின்னாப் போதும். அப்புறம் போலீஸ்ல இன்னா சொல்லணுமோ சொல்லுங்க."

 தொட்டியிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தனசேகரன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். அவன் பார்வையில் என்ன இருந்தது என்று பொன்னுசாமியால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. இரக்கம் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

பிறகு அவன் வலது கை மெல்ல அசைந்தது. முக்காலியின் விளிம்பில் பழக்கதோஷத்தில் இரண்டு முறை தட்டி, நின்றது. சுட்டுவிரல் நீண்டு, தன்னுடைய வெறுங்காலைக் காட்டியது.

பொன்னுசாமி படியேறினான். தூசித் திட்டுக்கு நடுவே கிடந்த அந்த பூட்ஸைக் கையால் எடுத்தான். மிளகாய்ப்பொடியைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு கீழே கொண்டு வந்தான்.